தட்டும் குழாயும் மைதானமும்: ஏழைப் பகுதிப் பள்ளிகளில் உடற்பருமனைத் தடுக்கும் முயற்சிகள்

வயதுக்கும் உயரத்துக்கும் பொருந்தாத அளவில் உடலில் கொழுப்பு சேர்ந்து, நலத்தைக் கெடுக்கும் நிலைக்குப் போவதே உடற்பருமன். பெரியவர்களிடம் அதைக் கண்டறியும் கணக்கு எளியது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு உடல் நிறை குறியீடு என்று பெயர். பதின்வயதில் அந்த எண் மட்டும் போதாது. ஒரே வகுப்பில் படிப்பவர்களில் ஒருவர் மளமளவென்று உயர்ந்திருப்பார், இன்னொருவருக்கு வளர்ச்சி அப்போதுதான் தொடங்கியிருக்கும். அதனால் அதே வயதுள்ள, அதே பாலைச் சேர்ந்த பிள்ளைகளின் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் ஒரு பிள்ளையின் எடை கூடுதலா என்று முடிவு செய்கிறார்கள்.

1990-க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் இந்தப் பிரச்சினை உலகெங்கும் வேகமாகப் பெருகியது. 2022-ல் உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ 15.9 கோடிப் பேர் உடற்பருமனோடு இருந்தார்கள் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை 1.25 கோடி. 1990-ல் அது சுமார் 4 லட்சமாகத்தான் இருந்தது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களின் விகிதத்தை உடற்பருமன் உள்ளவர்களின் விகிதம் முதல்முறையாகத் தாண்டிவிட்டதாகச் சொன்னது.

இதன் விளைவு தோற்றத்தோடு நிற்பதில்லை. முன்பு நடுவயதில் வந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இப்போது பதின்வயதிலேயே வருகிறது. ரத்த அழுத்தம், ஈரலில் கொழுப்பு, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத்திணறல் எல்லாம் கூடவே வரக்கூடும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் மனக்காயம் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. வந்த எடையைக் குறைப்பது எந்த வயதிலும் கடினம். அதனால்தான் தடுப்புக்கு முதலிடம் தரப்படுகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, 5 வயதில் அதிக எடையோடு இருந்தவர்கள் பின்னாளில் உடற்பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் நான்கு மடங்கு என்று 2014-ல் காட்டியது. பதின்வயதுக்கான தடுப்பு வேலை தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஏழைகளுக்கு ஏன் அதிகம்?

உடற்பருமனைப் பணக்கார வீட்டு நோய் என்று நினைப்பது நம்மிடையே வழக்கம். ஒரு நாடு ஏழையாக இருக்கும்வரை அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நாடு வளம்பெற்று, எண்ணெயும் சர்க்கரையும் மாவும் மலிந்து, காய்கனி விலை ஏறும்போது கணக்கு தலைகீழாகிறது. அமெரிக்காவின் அரசுக் கணக்கெடுப்பு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. 2017 முதல் 2020 மார்ச் வரையிலான காலத்தில், 2 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளில் 25.8 சதவீதம் பேருக்கு உடற்பருமன் இருந்தது. வசதியுள்ள குடும்பங்களில் அது 11.5 சதவீதம்தான்.

இந்த வேறுபாட்டின் காரணத்தைப் பிள்ளைகளின் வாய்க்கட்டுப்பாட்டில் தேடினால் கிடைக்காது. அவர்கள் நடந்துபோகும் தெருவில் தேட வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியா நகரில், ஏழைப் பகுதிப் பள்ளிகள் பத்தின் அருகே உள்ள 24 தெருமுனைக் கடைகளின் வாசலில் ஆய்வாளர்கள் காத்திருந்து, வெளியே வரும் 4 முதல் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பள்ளிக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று கடைக்குப் போவது பலருக்கு அன்றாடப் பழக்கம். கையில் இருந்தது பெரும்பாலும் சிப்ஸ், மிட்டாய், சர்க்கரை பானம். ஒருமுறை செலவழித்த காசு சராசரியாக 1.07 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்த சக்தி ஏறத்தாழ 357 கலோரி. ஒரு வேளைச் சிற்றுண்டிக்குச் சமமான அந்தச் சக்தி, பசியை அடக்காமல் அன்றைய மூன்று வேளை உணவுக்கு மேல் போய்ச் சேர்ந்தது.

இதோடு மற்றக் காரணங்களும் சேர்கின்றன. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்குச் சமைக்க நேரமில்லை. தெரு பாதுகாப்பில்லை என்பதால் பிள்ளையை வெளியே விளையாட விடுவதில்லை. பயிற்சி வகுப்புக்கும் நீச்சல் குளத்துக்கும் கட்டணம் கட்ட வழியில்லை. மிச்சம் இருப்பது தொலைக்காட்சியும் கைபேசியும். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது நொறுக்குத்தீனி விளம்பரம்.

பள்ளியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் பள்ளி. அங்கே அது நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது, ஒரு வேளையோ இரண்டு வேளையோ சாப்பிடுகிறது. பெற்றோரிடம் தனியாகக் காசு கேட்காமல் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றைக் கொடுக்கக்கூடிய இடமும் அதுதான்.

பள்ளி தானாகவே ஒரு காவலாக இருக்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வொன்று 2016-ல் வெளியானது. அந்தக் காலத்தில் உடற்பருமன் உள்ளவர்களின் விகிதம் 8.9-லிருந்து 11.5 சதவீதமாக உயர்ந்தது. உயர்வு முழுவதும் கோடை விடுமுறைகளில் நிகழ்ந்ததே தவிர, பள்ளி நடந்த மாதங்களில் அல்ல. வேளை தவறாத சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், இடைவேளை ஓட்டம் என்று பள்ளி கொடுக்கும் ஒழுங்கு விடுமுறையில் குலைந்துபோகிறது. வீட்டில் அந்த ஒழுங்கை ஏற்படுத்த வசதி இல்லாத பிள்ளைக்குப் பள்ளியின் அருமை இன்னும் கூடுதல்.

மதிய உணவுத் தட்டு

அமெரிக்காவின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946-ல் வந்தது. அப்போதைய கவலை பசி. பிள்ளைகளுக்குப் போதிய கலோரி கிடைக்க வேண்டும் என்பதற்கே விதிகள் எழுதப்பட்டன. காலப்போக்கில் தட்டில் வறுவலும் பீட்ஸாவும் நிறைந்தன. 2010 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ‘ஆரோக்கியமான, பசியற்ற பிள்ளைகள்’ சட்டம் இந்தக் கணக்கைத் திருத்தியது. 2012-13 கல்வியாண்டிலிருந்து புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகள் மிக நுணுக்கமானவை. குறைந்தபட்ச அளவோடு உச்ச அளவும் வந்தது. உயர்நிலைப் பள்ளி மதிய உணவு 750 முதல் 850 கலோரிக்குள் இருக்க வேண்டும். பழமும் காய்கறியும் தினமும் தனித்தனியாக வைக்க வேண்டும். மாணவர் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது குறைந்தது அரைக் கோப்பைப் பழமோ காய்கறியோ அதில் இருக்க வேண்டும். கரும்பச்சைக் கீரை, சிவப்பும் ஆரஞ்சுமான காய்கள், பயறு வகைகள் வாரத்தில் ஒருமுறையாவது இடம்பெற வேண்டும். முழுத்தானிய ரொட்டி, கொழுப்பு நீக்கிய அல்லது குறைத்த பால், படிப்படியாகக் குறையும் உப்பு என்று பட்டியல் நீண்டது. இதற்கு ஈடாக மைய அரசு ஒரு சாப்பாட்டுக்கு 6 சென்ட் கூடுதலாகக் கொடுத்தது.

இன்னொரு ஏற்பாடும் அதே சட்டத்தில் இருந்தது. ஏழைகள் நிறைந்த பள்ளியில் விண்ணப்பம் எதுவும் வாங்காமல் எல்லா மாணவர்க்கும் இலவசமாகச் சாப்பாடு போடலாம். இலவச வரிசையில் நிற்பது அவமானம் என்று பட்டினி கிடந்த பதின்வயதினருக்கு இது பெரிய விடுதலை. எல்லோரும் ஒரே வரிசையில் நின்றால் யார் ஏழை என்று யாருக்கும் தெரியாது.

காய்கறி வைத்தால் குப்பைக்குத்தான் போகும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். ஏழை மாணவர்கள் படிக்கும் நான்கு நகரப் பள்ளிகளில் சாப்பாட்டுக்குப் பின் தட்டில் மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தபோது, புதிய விதிகளுக்குப் பின் பழம் எடுப்பவர்கள் 23 சதவீதம் கூடியிருந்தார்கள். ஒரு மாணவர் சாப்பிட்ட காய்கறியின் அளவும் 16 சதவீதம் உயர்ந்திருந்தது. சுவைதான் தடை என்றால் அதற்கும் வழி இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏழைப் பள்ளிகளுக்குத் தேர்ந்த சமையல் கலைஞரை அனுப்பி, பூண்டும் மூலிகையும் சேர்த்துக் காய்கறிகளைச் சமைக்கப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது, சில மாதங்களில் பிள்ளைகள் அவற்றைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நேரமும் முக்கியம். உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்குக் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் காய்கறியையும் பாலையும் மிச்சம் வைத்தார்கள்.

இந்தச் சட்டத்தின் பலனை 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். 10 முதல் 17 வயது வரையுள்ள அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியவில்லை. வறுமையில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தபோது படம் மாறியது. சட்டம் வராமல் இருந்திருந்தால் 2018-ல் அவர்களிடையே உடற்பருமன் 47 சதவீதம் அதிகமாக இருந்திருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். பள்ளிச் சாப்பாட்டை நம்பி வாழும் பிள்ளைக்கே அதன் தரம் உயர்ந்ததின் பலன் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தண்ணீர்க் குழாய்

இந்தத் துறையின் மிக எளிய, மிக மலிவான வெற்றி தண்ணீர். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் டார்ட்முண்ட், எஸ்ஸன் என்று இரு நகரங்கள் உண்டு. அங்கே பின்தங்கிய பகுதிகளில் உள்ள 32 தொடக்கப் பள்ளிகளில் 2006-07 கல்வியாண்டில் ஒரு சோதனை நடந்தது. டார்ட்முண்ட் பள்ளிகளில் குளிர்ந்த குடிநீர் தரும் குழாய்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரை லிட்டர் பாட்டில் கொடுத்தார்கள். காலையில் ஆசிரியர் முன்னிலையில் பாட்டிலை நிரப்பிக்கொள்வது வழக்கமானது. உடலுக்குத் தண்ணீர் ஏன் வேண்டும் என்று நான்கு பாடங்கள் நடந்தன. உடற்பயிற்சி பற்றியோ உணவைக் குறைப்பது பற்றியோ ஒரு சொல் இல்லை. ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். குழாய் வைக்காத எஸ்ஸன் பள்ளிகளோடு ஒப்பிட்டால், அதிக எடைக்கு ஆளாகும் அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது.

நியூயார்க் நகரம் இதையே பெரிய அளவில் செய்தது. கைப்பிடியை அழுத்தினால் பாத்திரத்தில் குளிர்ந்த நீர் வேகமாக விழும் கருவிகளை உணவுக்கூடங்களில் வைத்தது. ஒரு கருவியின் விலை ஏறத்தாழ 1,000 டாலர். 1,227 பள்ளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான முடிவின்படி, கருவி வந்த பள்ளிகளில் அதிக எடை கொண்ட சிறுவர்களின் விகிதம் 0.9 சதவீதப் புள்ளியும் சிறுமிகளின் விகிதம் 0.6 சதவீதப் புள்ளியும் குறைந்தன. தனி ஒரு பிள்ளைக்கு இது அற்பம். பத்து லட்சம் மாணவர் படிக்கும் நகரத்தில் அது ஆயிரக்கணக்கான பிள்ளைகள்.

பள்ளிக்குள் இருக்கும் கடை

சாப்பாட்டுத் தட்டைத் திருத்திவிட்டு, பக்கத்திலேயே குளிர்பானம் விற்கும் தானியங்கிப் பெட்டியை வைத்தால் பயனில்லை. ஃபிலடெல்ஃபியாவில் ‘ஃபுட் டிரஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனம், பாதிக்கு மேற்பட்டோர் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதிபெற்ற 10 பள்ளிகளில் நடத்திய திட்டம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. அவற்றில் ஐந்து பள்ளிகளில் மாற்றங்கள் வந்தன, ஐந்து வழக்கம்போல் நடந்தன. மாற்றம் வந்த பள்ளிகளில் சோடாவும் சிப்ஸும் மிட்டாயும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. பழச்சாறு, தண்ணீர், கொழுப்புக் குறைந்த பால் மட்டுமே பானங்கள். ஆண்டுக்கு 50 மணி நேர உணவுப் பாடம் கணக்கோடும் மொழியோடும் சேர்ந்து வந்தது. நல்ல தீனியை வாங்கிய அல்லது வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளைக்குக் குலுக்கல் சீட்டுக் கிடைத்தது. பரிசு மிதிவண்டி, கயிறாட்டக் கயிறு, கால்குலேட்டர் போன்றவை. தின்பண்டம் பரிசாகத் தரப்படவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 4 முதல் 6-ஆம் வகுப்பில் இருந்த 1,349 மாணவர்களின் எடை ஒப்பிடப்பட்டது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 14.9 சதவீதம் பேர் புதிதாக அதிக எடைக்கு ஆளானார்கள். மாற்றம் கண்ட பள்ளிகளில் அது 7.5 சதவீதம், ஏறக்குறைய பாதி. ஏற்கனவே உடற்பருமன் இருந்த பிள்ளைகளிடம் வேறுபாடு இல்லை. புதிய பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் தடுப்பதில் பள்ளியால் முடிந்ததையும், வந்துவிட்ட உடற்பருமனைக் குணப்படுத்த அதனால் முடியாததையும் இந்த முடிவு பிரித்துக் காட்டியது.

மைதானமும் திரை நேரமும்

பதின்வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை.

விளையாட்டு வகுப்பு கால அட்டவணையில் இருந்தால் போதாது, அதில் பிள்ளைகள் ஓட வேண்டும். இரண்டு பேர் பந்தை வைத்துக்கொண்டு விளையாட, முப்பது பேர் ஓரமாக நின்று பார்ப்பதுதான் பல பள்ளிகளின் விளையாட்டு வகுப்பு. 1990-களில் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 96 பள்ளிகளில் நடந்த ‘கேட்ச்’ திட்டம் இதை மாற்ற முனைந்தது. ஆட்டத்திலிருந்து யாரும் வெளியேறாத விளையாட்டுகள், எல்லோருக்கும் ஒரு பந்து, வரிசையில் காத்திருக்காத பயிற்சிகள் என்று வகுப்பை அமைத்தது. அந்த முதல் சோதனையில் பிள்ளைகளின் ஓட்டம் கூடியது, மதிய உணவில் கொழுப்பு குறைந்தது, எடையில் மட்டும் வேறுபாடு இல்லை.

பின்னர் அதே திட்டம் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகருக்குப் போனது. ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடும்பங்களின் பள்ளிகள் அவை. ஆசிரியர்களும் சமையல் பணியாளர்களும் திட்டத்தைத் தங்கள் பள்ளிக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைகள் அளக்கப்பட்டார்கள். திட்டம் இல்லாத பள்ளிகளில் அதிக எடைக்கு ஆளாகும் நிலையில் இருந்த அல்லது ஆளான சிறுமிகள் 26-லிருந்து 39 சதவீதமாக உயர்ந்தார்கள். திட்டம் நடந்த பள்ளிகளில் அது 30-லிருந்து 32 சதவீதம். சிறுவர்களிடம் 40-லிருந்து 49 சதவீதம் ஒரு பக்கம், 40-லிருந்து 41 சதவீதம் மறுபக்கம். எடை குறையவில்லை, ஏற்றம் ஏறக்குறைய நின்றது. வளரும் பிள்ளைகளுக்குத் தடுப்பின் வெற்றி என்பது இதுதான்.

திரை நேரத்தை எடுத்துக்கொண்டது ‘பிளானட் ஹெல்த்’ என்ற திட்டம். பாஸ்டன் வட்டாரத்தின் பத்து நடுநிலைப் பள்ளிகளில் 1995 முதல் 1997 வரை அது நடந்தது. தனிப் பாடமாக எதையும் திணிக்காமல் கணக்கு, அறிவியல், மொழி, சமூகவியல் பாடங்களுக்குள்ளேயே கருத்துகளைப் பொதித்தார்கள். தன் வீட்டில் ஒரு வாரம் தொலைக்காட்சி எத்தனை மணி நேரம் ஓடியது என்று மாணவரே குறித்துக்கொண்டு, வகுப்பில் வரைபடம் போடுவார். அது கணக்குப் பாடமும் ஆயிற்று, தன்னைத் தானே பார்க்கும் கண்ணாடியும் ஆயிற்று. திட்டம் நடந்த பள்ளிகளில் சிறுமிகளிடம் உடற்பருமன் 23.6-லிருந்து 20.3 சதவீதமாகக் குறைந்தது. மற்றவற்றில் 21.5-லிருந்து 23.7 ஆக உயர்ந்தது. சிறுவர்கள் தொலைக்காட்சி பார்ப்பது குறைந்தாலும் அவர்கள் எடையில் மாற்றம் தெரியவில்லை. செலவு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டாலர்.

பதின்வயது மனம்

பத்து வயதுப் பிள்ளை ஆசிரியர் சொல்வதைக் கேட்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்பவர் யாராக இருந்தாலும் உபதேசம் கசக்கும். தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும், நண்பர்கள் மதிக்க வேண்டும் என்பதே அந்த வயதின் பெரும் பசி. இருபது ஆண்டு கழித்து வரப்போகும் இதய நோயைச் சொல்லி அந்தப் பிள்ளையை அசைக்க முடிவதில்லை.

கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யீகர் ஆகிய உளவியலாளர்கள் டெக்சாஸின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் வேறு வழியை முயன்றார்கள். நொறுக்குத்தீனி நிறுவனங்கள் சிறு பிள்ளைகளையும் ஏழைகளையும் குறிவைத்து எப்படி விளம்பரம் செய்கின்றன, மேலும் மேலும் தின்னத் தூண்டும்படி பண்டங்களை எப்படி வடிவமைக்கின்றன என்ற செய்தியை மாணவர்கள் படித்தார்கள். பிறகு உண்மையான விளம்பரப் படங்களை அவர்களிடமே கொடுத்து, சுவரில் கிறுக்குவதுபோல் அவற்றின்மீது எழுதியும் வரைந்தும் பொய்யை உண்மையாக மாற்றச் சொன்னார்கள். நல்ல உணவைத் தேர்வது அடங்கிப்போவதாக இல்லாமல், ஏமாற்றுபவரை எதிர்ப்பதாக மாறியது. 2019-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான உடல்நலப் பாடம் படித்த சிறுவர்களைவிட இந்தச் சிறுவர்கள் பள்ளி உணவுக்கூடத்தில் கெட்ட தீனியும் பானமும் வாங்குவது 31 சதவீதம் குறைந்தது. அது கல்வியாண்டின் மிச்ச மூன்று மாதமும் நீடித்தது. சிறுமிகளிடம் இரு வகைப் பாடத்துக்கும் இடையே அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை.

பலிக்காதவை, புண்படுத்தியவை

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 41 பள்ளிகளில் மூன்று ஆண்டு நடந்த ‘பாத்வேஸ்’ திட்டத்தில் சாப்பாடு மாறியது, உடல் கொழுப்பு மாறவில்லை. 2006 முதல் 2009 வரை ஏழை, சிறுபான்மை மாணவர்கள் நிறைந்த 42 நடுநிலைப் பள்ளிகளில் 4,603 பேரிடம் நடந்த ‘ஹெல்தி’ ஆய்வில், திட்டம் நடந்த பள்ளிகளிலும் நடக்காத பள்ளிகளிலும் அதிக எடை ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. ஆனாலும் திட்டப் பள்ளிகளின் மாணவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் ரத்தத்தில் இன்சுலின் அளவும் சீராயின. சர்க்கரை நோயைத் தள்ளிப்போடும் மாற்றங்கள் அவை. இங்கிலாந்தில் ஓராண்டு குளிர்பானத்துக்கு எதிராகப் பாடம் நடத்தியபோது எடை ஏற்றம் கட்டுப்பட்டது. பாடம் நின்று இரண்டு ஆண்டுகளில் அந்தப் பலனும் கரைந்துவிட்டது. திட்டம் நிற்கும்போது பலனும் நிற்கிறது என்பது திரும்பத் திரும்பக் கிடைத்த பாடம்.

சில முயற்சிகள் பிள்ளைகளைக் காயப்படுத்தின. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பிள்ளையின் உடல் நிறை குறியீட்டை மதிப்பெண் அட்டைபோல் வீட்டுக்கு அனுப்பின. கலிஃபோர்னியாவின் 79 பள்ளிகளில் இதைச் சோதித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கடிதம் அனுப்பியதால் எடையில் மாற்றம் எதுவும் வரவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளிடம் தம் உடல்மேல் அதிருப்திதான் கூடியது. சிங்கப்பூர் 1992-ல் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. அதிக எடை உள்ள மாணவர்களைத் தனியே பிரித்து, மற்றவர்கள் பார்க்க ஓட வைத்தார்கள். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரின் மூன்று எழுத்தையும் திருப்பிப் படித்தால் ‘குண்டு’ என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல் வந்தது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. எண்ணிக்கை குறைந்தாலும், கேலியும் மனவேதனையும் பெரிய விமர்சனத்துக்கு உள்ளாயின. 2007-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான உடல்நலத் திட்டம் வந்தது.

சுவருக்கு வெளியே

பள்ளிச் சுவருக்குள் நடப்பதைத் தெரு தோற்கடித்துவிடலாம். இதை உணர்ந்த ஊர்களில் பலன் கூடுதல். பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் நகரில், தொழிலாளர் குடும்பங்களும் குடியேறியவர்களும் வாழும் பகுதியில், பள்ளி உணவோடு பாதசாரிகள் சாலை கடக்கும் இடங்கள், பள்ளிக்கு நடந்துபோகும் பாதை, உணவகங்களின் பட்டியல் என்று ஊரே சேர்ந்து மாறியது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 2013-ல் இத்தகைய நீண்டகாலத் திட்டத்தைத் தொடங்கி, ஏழைப் பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. பள்ளிக்குப் பிள்ளைகள் குடிக்கக் கொண்டுவருவது தண்ணீராக இருக்க வேண்டும் என்று பல பள்ளிகள் முடிவெடுத்தன. நகரப் பிள்ளைகளில் அதிக எடை கொண்டோர் 2012-ல் 21 சதவீதம், 2015-ல் 18.5 சதவீதம். சிலி நாடு 2016-ல் சட்டத்தையே கையிலெடுத்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும். முத்திரை உள்ள எதையும் பள்ளிக்குள் விற்கக் கூடாது, பிள்ளைகளிடம் விளம்பரம் செய்யவும் கூடாது.

இந்தியாவிலும் விதிகள் வந்திருக்கின்றன. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி வகுத்தது. குளிர்பானம் போன்றவற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வைக்கும்படி 2025 மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் அடிப்படை ஏற்கனவே வலுவாக இருக்கிறது. 1982-ல் விரிவடைந்த சத்துணவுத் திட்டமும் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிச் சமையலறையைப் பிள்ளையின் வாழ்க்கையோடு இணைத்துவிட்டன. பசியையும் சத்துக்குறைவையும் போக்கவே அவை தொடங்கப்பட்டன, அந்தத் தேவை இன்றும் தீரவில்லை. ஒரே வகுப்பில் எடை குறைந்த பிள்ளையும் எடை மிகுந்த பிள்ளையும் அடுத்தடுத்து உட்காரும் காலம் இது. முட்டை, பயறு, காய்கறி சேர்ந்த சூடான சாப்பாடு இருவருக்கும் பொருந்தும். பள்ளி வாசலில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் இருவருக்கும் கேடு. தேர்வு நெருங்கியதும் விளையாட்டு வகுப்பைப் பறித்துக்கொள்வதும் இருவருக்கும் இழப்பு.

நல்ல திட்டத்தின் கூறுகள்

இத்தனை அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளித் திட்டங்களின் சராசரிப் பலன் சிறியது என்பது உண்மை. பதின்வயதினரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2024-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும் அதையே சொல்கிறது. சில ஆய்வுகளில் அந்தச் சிறிய பலனும் வசதியற்ற பிள்ளைகளிடம் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே வேறு வழி குறைவு. பலன் தந்த திட்டங்களுக்குப் பொதுவான சில கூறுகள் உண்டு.

முதலாவது, அவை சூழலை மாற்றின. நல்லதைத் தேர்ந்தெடு என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன், நல்லதை அதன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தன. இரண்டாவது, அவற்றில் பல உணவு, தண்ணீர், விளையாட்டு, பாடம், கடை என்று பல முனைகளில் ஒரே நேரத்தில் இயங்கின. மூன்றாவது, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்தின, எடை கூடியவரைத் தனியே நிறுத்தவில்லை. நான்காவது, ஆசிரியரும் சமையல் பணியாளரும் பெற்றோரும் திட்டத்தைத் தமதாக்கிக்கொள்ள இடம் கொடுத்தன. ஐந்தாவது, வயதுக்கேற்ற மொழியில் பேசின. சிறு பிள்ளைக்குக் குலுக்கல் சீட்டு, பதின்வயதினருக்குத் தன்மானம். ஆறாவது, தொடர்ந்து நடந்தன. ஓராண்டு நிதியில் வந்துபோகும் திட்டத்தைவிட, சட்டத்தில் எழுதப்பட்டு ஆண்டுதோறும் வரும் நிதியில் சமைக்கப்படும் சாப்பாடு நீண்ட நாள் நிற்கிறது.

பள்ளியால் வாடகையைக் குறைக்க முடியாது, தாயின் கூலியை உயர்த்த முடியாது, தெருவில் வெளிச்சம் போட முடியாது. அவற்றை அரசும் நகரமும் செய்ய வேண்டும். தன் வாசலுக்குள் இருக்கும் தட்டு, குழாய், மைதானம், கடை ஆகிய நான்கும் பள்ளியின் பொறுப்பு.